ஹால் பெருசு... வசனம் கேட்குமா?

எங்கள் நாஞ்சில் நாட்டில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் ஹாலைக் கட்டுவார்கள். இடம் மிச்சம் இருந்தால்தான் மற்ற அறைகள்! பெண் பார்ப்பது ஹாலில். சொந்தக்காரர்கள் வந்தால் வரிசையாகப் பாய் விரிப்பது ஹாலில். அடைமழையில் துணி காய்வதும் அதே ஹாலில்தான். வளைகுடா வெயிலில் நின்று சம்பாதித்தவராகட்டும், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பேங்க் லோன் போட்டவராகட்டும், 'நம்ம ஹால் இருபத்துநாலுக்குப் பதினாறு' என்று சொல்லும்போது குரலில் ஒரு ஜமீன்தார் எட்டிப் பார்ப்பார்.

அப்புறம் சுவரில் 65 இன்ச் டி.வி. படம் பிரமாதம். சத்தம்? பக்கத்து வீட்டு டி.வி. மாதிரி! பாவம், அதன் மேல் தப்பில்லை. விரல் தடிமனுக்கு இளைத்துப்போன உடம்பில் ஸ்பீக்கருக்கு ஏது இடம்? பெரும்பாலும் கீழே பார்த்தோ, சுவரைப் பார்த்தோ ஒளித்து வைத்திருப்பார்கள். ஆகவே, சவுண்ட்பார்.

எங்கள் ஆபீஸில் இந்த விஷயத்துக்கு என்னிடம்தான் வருவார்கள். ஸ்பீக்கர் பைத்தியம் என்று எனக்கொரு நல்ல பெயர் உண்டு. சமீபத்தில் வந்தவன் என் சித்தப்பா மகன். நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கம் புதுவீடு. போனஸ் வந்த சூடு ஆறவில்லை.

"அண்ணே, 600 வாட்ஸ் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். சும்மா பிளந்து கெட்டும்!"

"யாரு கேக்கப் போறா?"

"எல்லாரும்தாம்ணே."

"சித்தி எங்கே உட்காருவா?"

பையன் முழித்தான். சித்தி உட்காருவது ஹாலின் கடைசியில், அடுக்களை வாசலை ஒட்டின பிளாஸ்டிக் சேரில். ஒரு கண் சீரியலில், ஒரு கண் அடுப்பில். சோஃபாவில் நடு இடம் இவனுக்கு. அங்கே எந்த டப்பாவும் நன்றாகத்தான் கேட்கும். ஆகவே, என்னுடைய முதல் விதி: வீட்டிலேயே மோசமான இடத்தில் உட்காருகிறவருக்காக சவுண்ட்பார் வாங்குங்கள். மற்றவர்களுக்குத் தானாக நன்றாகக் கேட்கும்.

அந்த மோசமான இடத்தில் அப்படி என்ன கோளாறு? முதல் எதிரி எதிரொலி. தரையில் கிரானைட், சுவரில் பெயின்ட், மேலே கான்கிரீட். சத்தத்தை விழுங்க ஒரு பொருளும் கிடையாது. சுசீந்திரம் கோயிலில் இசைத்தூணைத் தட்டினால் கல் பாடும், அது அழகு. நம் ஹாலில் கல்லும் சேர்ந்து பாடினால் வசனம் அவுட்!

இதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தவர் வாலஸ் சபைன் என்ற அமெரிக்கர். 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் மியூசியத்தில் புதிதாகக் கட்டின லெக்சர் ஹாலில் பேராசிரியர் சொன்ன ஒரு வார்த்தை அடங்க ஐந்தரை வினாடி ஆனது. அதற்குள் அவர் பத்துப் பதினைந்து வார்த்தை பேசிவிடுவார். எல்லாம் கலந்து கூட்டுக்கறி! 27 வயது சபைன் என்ன செய்தார் தெரியுமா? ராத்திரி ஆனதும் பக்கத்துத் தியேட்டரின் நாற்காலி மெத்தைகளைத் தூக்கிவந்து ஹாலில் அடுக்கி, சத்தம் எத்தனை வினாடியில் அடங்குகிறது என்று குறித்துக்கொண்டு, விடிவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடுவார். மெத்தை கூடக்கூட எதிரொலி குறைந்தது. அதிலிருந்து பிறந்த சூத்திரத்தை உலகம் முழுக்க இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள்.

அந்தச் சூத்திரத்தில் தம்பியின் ஹாலைப் போட்டேன். 24 அடி, 16 அடி, உயரம் 10 அடி. காலியாக மூடிவைத்தால் எதிரொலி சுமார் 4 வினாடி! சோஃபா, கனமான திரைச்சீலை, தரையில் ஒரு பெரிய விரிப்பு, சுவரோரம் புத்தக அலமாரி என்று போட்டால் ஒரு வினாடிக்குள் அடங்கிவிடும். இத்தனைக்கும் சவுண்ட்பார் கம்பெனிக்கு இன்னும் ஒரு பைசா கொடுக்கவில்லை!

இரண்டாவது எதிரி, வாட்ஸ் மோகம். டேப் ரிக்கார்டர் காலத்தில் கைக்குள் அடங்குகிற பெட்டியில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதை எப்படி அளப்பது என்று பொது விதியே கிடையாது. ஒட்டினவர் சொன்னதுதான் கணக்கு! இப்போது ஆர்.எம்.எஸ். பாருங்கள். அதிலும் ஒரு சூட்சுமம். 300 வாட்ஸை 600 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது. வெறும் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'இரண்டு மடங்கு' என்று படவேண்டுமானால் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்.

ஸ்பெக்கை நம்பி ஏமாந்தவர்களில் பெரிய மனிதரும் உண்டு. 1956-ல் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த அமர் போஸ், காகிதத்தில் அமோகமான எண்கள் கொண்ட விலையுயர்ந்த ஸ்டீரியோ ஒன்றை வாங்கினார். கேட்டால் கச்சேரி மாதிரியே இல்லை. ஏன் என்று ஆராயப் போனவர், 1964-ல் தன் பெயரிலேயே கம்பெனி ஆரம்பித்துவிட்டார். வங்காளத்தைச் சேர்ந்த விடுதலைப் போராட்டக்காரர் ஒருவரின் மகன். நாம் ஏமாந்தால் பில்லைத் தேடுவோம். அவர் காரணத்தைத் தேடியிருக்கிறார்!

இனி அட்டைப் பெட்டியில் இருக்கிற 2.1, 3.1, 5.1.2 சமாச்சாரம். முதல் எண், காது மட்டத்தில் இருக்கிற சேனல்கள். இரண்டாவது, சப்வூஃபர். மூன்றாவது, தலைக்கு மேலே கேட்கவேண்டியவை. 2.1-ல் வசனத்துக்கென்று தனி ஸ்பீக்கர் கிடையாது. இடமும் வலமும் சேர்ந்து, ஹீரோ நடுவில் பேசுகிற மாதிரி ஒரு மாயம் செய்யும். நட்டநடுவில் உட்கார்ந்தால்தான் மாயம் பலிக்கும். ஓரத்து சேர்காரருக்கு ஹீரோ ஒருபக்கமாகச் சாய்ந்துவிடுவார். அதனால் பெரிய ஹாலுக்குக் குறைந்தது 3.1. அந்த நடு ஸ்பீக்கர் வசனத்துக்கே ஆன ஸ்பீக்கர்.

வயசானவர்கள் இருக்கிற வீட்டில் இது ரொம்ப முக்கியம். வயது ஏறும்போது காது முதலில் இழப்பது கீச்சுக் குரல் பகுதியைத்தான். க, ச, த, ப என்று வார்த்தைக்கு உருவம் கொடுக்கிற மெய்யோசைகள் பலதும் அங்கேதான் இருக்கின்றன. வால்யூமைக் கூட்டினால் 'ஆ...' 'ஓ...' பெரிசாகுமே தவிர வார்த்தை தெளியாது. "மக்கா, அவ பாலுண்ணாளா, காலுண்ணாளா? ஒண்ணும் மனசிலாகல்லியே" என்று சித்தி கேட்டதற்கு இதுதான் காரணம். இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. தன் அறைக்குப் போய் செல்போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு சீரியல் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். 24 அடி ஹால் கட்டி என்ன புண்ணியம்?

மூன்றாவது, தலைக்கு மேலே மழை பெய்விக்கிற டால்பி அட்மாஸ். 2012-ல் 'பிரேவ்' படத்தோடு தியேட்டருக்கு வந்தது. அதே வருடக் கடைசியில் நம்ம 'சிவாஜி'யின் 3டி வடிவமும் அட்மாஸில் வந்தது. வீட்டு சவுண்ட்பாரில் மேல்நோக்கிப் பாடுகிற ஸ்பீக்கர் வைத்திருப்பார்கள். சத்தம் கூரையில் பட்டுத் திரும்பவேண்டும். அதற்குக் கூரை தட்டையாக, சுமார் 8 முதல் 12 அடி உயரத்தில் இருக்கவேண்டும். தாத்தா கட்டின சரிவான ஓட்டு வீடா? மழை உங்கள் தலையில் பெய்யாது, எங்கேயோ பெய்யும். அந்தக் காசுக்குப் பின்னால் வைக்கிற நிஜ ஸ்பீக்கர் இரண்டு வாங்கலாம்.

'வயர்லெஸ்' பின் ஸ்பீக்கர் என்றதும் மயங்காதீர்கள். சிக்னலுக்குத்தான் வயர் இல்லை. கரன்ட்டுக்கு அநேகமாக உண்டு! வீடு கட்டும்போதே சோஃபாவுக்குப் பின்னால் ஒரு பிளக் பாயின்ட் வைக்கச் சொல்லுங்கள். டி.வி.க்கும் பாருக்கும் நடுவே எச்.டி.எம்.ஐ. வயர், அதுவும் 'இ ஆர்க்' என்று எழுதின துளையில். ஆப்டிகல் வயரில் அட்மாஸ் வராது. புளூடூத்தில் சில சமயம் உதடு முந்தும், வசனம் பிந்தும்.

சப்வூஃபரை எங்கே வைப்பது? ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. அதை சோஃபாவில் தூக்கி வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் அடி 'கும்... கும்...' என்று குழம்பாமல் சுத்தமாகக் கேட்கிறதோ, அதுதான் அதன் இடம். தம்பி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தவழ்ந்தான். சித்தப்பா பேப்பரை இறக்கி, "லேய், என்னத்தடே தொலைச்சே?" என்றார்.

"பாஸுப்பா!"

"உள்ளது அடியில கெடக்கும். நல்லாப் பாரு!"

கடையில் சோதிக்கப் போனால் ஹெலிகாப்டர் சண்டைதான் போட்டுக் காட்டுவார்கள். அசராதீர்கள். நியூஸ் போடச் சொல்லுங்கள். வால்யூமைக் குறைத்து, ஓரமாகப் போய் நின்று கேளுங்கள். நாலு வரியும் புரிந்தால் பாஸ். ரிமோட்டில் வசனத்துக்குத் தனி பட்டன் இருக்கிறதா பாருங்கள். ராத்திரியில் வெடிச்சத்தத்தை அடக்கிப் பேச்சைத் தூக்குகிற 'நைட் மோடு' இருந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நல்லது.

கடைசியாக நம் ஊர் எச்சரிக்கை. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஐப்பசி மாதம் சாயங்காலம் இடி இடித்தால் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. மின்சார பிளக், டிஷ் வயர் இரண்டையும் பிடுங்கி வைத்துவிடுங்கள். அதுவும் முதல் இடி தூரத்தில் கேட்கும்போதே!

தம்பி 600 வாட்ஸை விட்டுவிட்டான். அதைவிடக் குறைந்த வாட்ஸில், நடு ஸ்பீக்கரும் தனியாகப் பின் ஸ்பீக்கர்களும் உள்ள 5.1 ஒன்று வாங்கினான். மிச்சப் பணத்தில் திரைச்சீலையும் விரிப்பும். சித்தி பிளாஸ்டிக் சேருக்குத் திரும்பிவிட்டாள். ஒவ்வொரு வசனமும் கேட்கிறதாம். இப்போது நியூஸ் நேரத்தில் சித்தப்பாவோடு சண்டை. ரிமோட் யார் கையில் என்பதற்கு எந்தக் கம்பெனியும் இன்னும் சேனல் ஒதுக்கவில்லை!