கொலாஜன் பவுடர் ஹலாலா? செல்லுக்குள் ஒரு பார்வை



முகப் பொலிவுக்கு, மூட்டு வலிக்கு என்று கொலாஜன் பவுடர் விற்கப்படுகிறது. அது ஹலாலா என்ற கேள்வி நம்மவர்களிடம் எழுகிறது. பதில் சொல்லும் முன், கொலாஜனை நம் உடல் எங்கே உண்டாக்குகிறது என்று அறிந்துகொள்வோம்.

தோல், எலும்பு, தசைநாண், ஈறு ஆகியவற்றுக்கு உறுதி தரும் புரதமே கொலாஜன். உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுதான். இதன் வடிவத்தை ஆராய்ந்தவர் ஜி.என். ராமச்சந்திரன், திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகிலுள்ள செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, இது மூன்று இழைகளால் ஆனது என்று 1954-இல் கூறினார். கயிறுபோல் முறுக்கிய வடிவம் என்று 1955-இல் அதைச் செம்மைப்படுத்தினர்.

அந்தக் கயிறு திரிக்கப்படும் இடம்தான் எண்டோபிளாச வலை. செல்லின் உட்கருவை ஒட்டி மடிப்புகளாகவும் குழாய்களாகவும் விரியும் சவ்வு அது. அதன் சொரசொரப்பான பகுதியில் ரைபோசோம்கள் ஒட்டியிருக்கும். அவை கோக்கும் இழை வலைக்குள் நுழையும். அங்கே வைட்டமின் சி துணையோடு இழையில் சிறு மாற்றம் நடந்த பிறகே முறுக்கு உறுதிப்படும். சரியாக மடியாத புரதம் பெரும்பாலும் அங்கேயே தடுக்கப்பட்டுச் சிதைக்கப்படும். தேறியது கோல்கை உறுப்பு வழியாக வெளியேறும். வழுவழுப்பான பகுதி கொழுப்புப் பொருள்களை உண்டாக்கும். கல்லீரலில் நச்சை முறிக்கும்.

வைட்டமின் சி குறைந்தால் கயிறு தளரும். ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் இதனால் வருவதே.

இனி கேள்விக்கு வருவோம். உண்ணும் கொலாஜன் அப்படியே தோலில் போய் ஒட்டுவதில்லை. குடலில் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்தே ரத்தத்தில் சேரும். நமக்கு வேண்டியதை நம் செல்லே புதிதாகத் திரிக்கும். பருப்பு, முட்டை, மீன், நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றிலேயே அதற்கான மூலப்பொருள் இருக்கிறது.

பவுடர் மீன், மாடு, பன்றி எதிலிருந்தும் எடுக்கப்படலாம். பன்றி எனில் ஹராம். மாடு எனில் முறைப்படி அறுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். மூலம் குறிப்பிடாத டப்பாவைத் தவிர்ப்பதே பேணுதல். மருத்துவர் எழுதித் தந்த மருந்தின் நிலை வேறு. அதை நாமாக நிறுத்தாமல் மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டுக்கொள்வோம்.

நமக்குள்ளேயே சான்றுகள் இருப்பதைத் திருக்குர்ஆன் 51:21 சுட்டுகிறது. எண்டோபிளாச வலை அங்கே சொல்லப்பட்டிருக்கிறது என்று நாம் வாதிட வேண்டியதில்லை. இறைவன் சிந்திக்கச் சொன்னான். அதற்காகவே அறிவியலும் படிப்போம்.

வல்லாஹு அஃலம்.