வீட்டைப் புதுப்பிக்க ஒரு மைட்டர் சா: தேர்வும் பொருத்துதலும்

வீட்டைச் சீரமைக்கக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்களின் மதிப்பீட்டுத் தாளில் தச்சு வேலைக்கென்று கணிசமான ஒரு தொகை இருக்கும். ஜெயநகரின் பழைய தனி வீடாயினும் ஒயிட்ஃபீல்டின் அடுக்ககமாயினும் கதவுச் சட்டம், ஸ்கர்ட்டிங், பீடிங், அலமாரி என்று பட்டியல் நீளும். சில தாள்களின் கடைசி வரியில் ‘மைட்டர் சா – 1’ என்றும் காண்கிறோம். விடுமுறை நாள்களில் தாமே வேலை செய்ய விரும்புவோரும் உண்டு. தச்சர் கேட்டதால் சேர்த்தோரும் உண்டு. அந்த ஒரு வரியைப் பற்றியே இங்குப் பேசுகிறோம்.

மேசைமேல் நிலையாக நிற்கும் வட்ட வாள் மேலிருந்து இறங்கி, மரச்சட்டத்தைக் குறித்த கோணத்தில் குறுக்கே அறுப்பதே மைட்டர் சா. சட்டமும் பீடிங்கும் இதன் களம். எட்டுக்கு நான்கு அடி பிளைவுட்டை நீளவாக்கில் பிளக்க இது உதவாது. எனவே உங்கள் திட்டத்தில் இருப்பது சமையலறை அலமாரி மட்டும் என்றால் இதில் பணத்தை முடக்க வேண்டாம். ஓர் அறையின் ஸ்கர்ட்டிங் மட்டும் என்றால் வாடகைக்கு எடுப்பதே மேல். வீடு முழுவதற்கும் சட்டமும் ஸ்கர்ட்டிங்கும் உண்டென்றால்தான் சொந்தமாக வாங்குவது பொருந்தும்.

நம் நகரில் பல தச்சர்கள் மார்பிள் கட்டரில் நான்கு அங்குல மர பிளேடைப் பொருத்தியே எல்லாவற்றையும் அறுத்துவிடுகிறார்கள். அவர்களின் கைத்திறனை மதிக்கிறோம். ஆயினும் அக்கருவி இவ்வேலைக்காகச் செய்யப்பட்டதன்று. ஒரே கோணத்தை நாற்பது முறை பிசகாமல் திரும்ப வெட்டுவதும் அதனால் இயலாது.

எஸ்.ஜே.பி. சாலைக் கடைகளில் விசாரித்தால் 255 மி.மீ., அதாவது பத்து அங்குல பிளேடு கொண்டதை முதலில் காட்டுவார்கள். வீட்டு வேலைக்கு அதுவே போதுமானது. அகலமான பலகைகளை வெட்ட வேண்டியிருந்தால் மட்டும், தலைப்பகுதி முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடிங் வகையைக் கேளுங்கள். கூடவே வரும் பிளேடு பெரும்பாலும் பொதுப்பயனுக்கானது. வெளியில் தெரியும் சட்டங்களுக்கு 60 முதல் 80 பல் கொண்ட பிளேடு தனியே வேண்டும். அதை வாங்கும்போது நடுத்துளையின் அளவையும் ஒப்பிட வேண்டும், 25.4 மி.மீ., 30 மி.மீ. என இரண்டும் புழக்கத்தில் உள்ளன. அமெரிக்காவிலிருந்து திரும்பும் உறவினர் அன்போடு கொண்டுவரும் இயந்திரம் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட் இணைப்பில் நேரடியாகச் செருகினால் அன்பும் மோட்டாரும் ஒருங்கே கருகும். 1,800 வாட் இயந்திரம் ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுக்கும். தொடங்கும் நொடியில் அதைவிட மிகுதி. ஆகவே 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டே ஏற்றது.

விலையைவிட முக்கியமானது பொருத்துதல். ஒரு சன்னல் சட்டத்திற்கு நான்கு மூலைகள், எட்டு வெட்டுகள். ஒவ்வொரு வெட்டிலும் அரை டிகிரி ஒரே பக்கமாகப் பிசகினால் மொத்தப் பிழை நான்கு டிகிரி. மூன்று மூலைகள் அழகாகச் சேர்ந்து, நான்காவது வாய் திறந்து நிற்கும். அங்கே வீணாவது தேக்கு மரத்திற்குக் கொடுத்த பணம். ஆகவே புதிய இயந்திரத்தின் அளவுகோலை அப்படியே நம்பிவிடக் கூடாது.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். மூலைமட்டத்தின் ஒரு பக்கத்தை, மரம் சாய்ந்து நிற்கும் பின்தடுப்பிலும் மறுபக்கத்தைப் பிளேடின் உடலிலும் ஒட்டி வையுங்கள். பற்கள் பிளேடின் உடலைவிடச் சற்று வெளியே நீட்டியிருக்கும். அவற்றின்மேல் மட்டம் பட்டால் கணக்குத் தவறும். அதுபோலவே மேசைக்கும் பிளேடுக்கும் இடையே 90 டிகிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு, இரு விளிம்பும் நேராகவும் இணையாகவும் உள்ள ஒரு பலகையைச் சுழியம் டிகிரியில் வெட்டி, ஒரு துண்டை மட்டும் கவிழ்த்துப் போட்டு, நீண்ட விளிம்புகளை ஒரே கோட்டில் நிறுத்தி, வெட்டுமுகங்களைச் சேருங்கள். இடைவெளி தெரிந்தால், அது உண்மையான பிழையின் இரு மடங்கு. கையேட்டில் காட்டிய திருகுகளைத் தளர்த்தித் திருத்தி, இடைவெளி மறையும்வரை சோதனையைத் தொடர வேண்டும். அரை மணி நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரம் சரியானாலும் சுவர் சரியாக இராது. சுவரின் மூலை 92 டிகிரி என்றால் அதில் பாதியான 46-ல் வைக்கத் தோன்றும். ஆனால் இயந்திரத்தின் அளவுகோல் நேர்வெட்டைச் சுழியமாகக் கொண்டது. 180-லிருந்து சுவரின் கோணத்தைக் கழித்து, வருவதைப் பாதியாக்க வேண்டும், ஆக 44. மூலை 88 என்றால் 46. புதுப்பிக்கும் வீடுகளில் ஒவ்வொரு மூலையையும் தனித்தனியே அளந்து சுவரிலேயே பென்சிலால் எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

கைகள் பிளேடிலிருந்து குறைந்தது 15 செ.மீ. விலகியிருக்கட்டும்; சிறு துண்டுகளைக் கிளாம்ப் பிடிக்கட்டும். பிளேடு முழு வேகம் எட்டிய பின்னரே இறக்க வேண்டும். வெட்டி முடித்ததும் அது முற்றிலும் நின்ற பிறகே தலையை உயர்த்த வேண்டும். கையுறை, துப்பட்டா, தொங்கும் லுங்கி ஆகாது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்துள்ளது; முகக்கவசமும் கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம்.

எந்த மரம் என்ற ஐயம் எழுந்தால் மல்லேஸ்வரத்திலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தை அணுகலாம்.

இயந்திரத்தை உங்கள் தச்சரே வாங்க விரும்பினால் பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தை அவருக்குச் சொல்லுங்கள். 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட அத்திட்டத்தில் தச்சுத் தொழிலும் அடங்கும். தகுதியுடையோருக்குக் கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை உதவியும், பிணையின்றி 5 விழுக்காடு வட்டியில் முதல் தவணையாக ஒரு லட்சம் ரூபாய் வரை கடனும் உண்டு. சொந்த வீட்டைச் சீரமைக்க நீங்கள் வாங்கும் கடனைப் பொறுத்தவரை, பழைய வரிமுறையில் இருப்போர் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை வட்டிக் கழிவு கோரலாம். இயந்திரத்தின் விலையை அக்கடனில் சேர்க்க இயலுமா என்பதை, பணம் கட்டுமுன் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள், ஜி.எஸ்.டி. ரசீது உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.