பிஸ்டலை ஒப்படைத்த வீரர்கள்: பிரிட்டனின் தடை நமக்குச் சொல்வது என்ன?

2012 ஆகஸ்டில் லண்டன் ஒலிம்பிக்கின் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டியில் இந்திய ராணுவ வீரர் விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் வென்றார். அவர் கையில் இருந்தது பாயிண்ட் டூ-டூ (.22 அங்குலத் தோட்டா) பிஸ்டல். அதே பிஸ்டலை லண்டன்வாசி ஒருவர் வீட்டில் வைத்திருந்தால் சிறைக்குத்தான் போக வேண்டும். உலகமே வந்து விளையாடிய அந்த விளையாட்டை, போட்டியை நடத்திய நாட்டு மக்கள் விளையாட முடியாது. பிரிட்டனில் 1997 முதல் இதுதான் நிலை.

பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்ற பிறகு, பெங்களூரு ஸ்ரீராம்புரம் போன்ற உழைக்கும் மக்கள் வாழும் பகுதிகளிலும் துப்பாக்கி சுடுதல் தெரிந்த விளையாட்டாகிவிட்டது. கூடவே பெற்றோர் மனதில் ஓர் அச்சமும் உண்டு. துப்பாக்கி வீட்டுக்குள் வரலாமா? அதற்கு விடை தேட, பிரிட்டனில் நடந்ததைத் தெரிந்துகொள்வது அவசியம்.

தடை ஏன் வந்தது?

1996 மார்ச் 13. ஸ்காட்லாந்தின் டன்பிளேன் என்ற சிற்றூரின் தொடக்கப் பள்ளிக்குள் ஒருவன் கைத்துப்பாக்கிகளுடன் நுழைந்தான். ஐந்தாறு வயதுக் குழந்தைகள் 16 பேரும் அவர்களுடைய ஆசிரியை ஒருவரும் கொல்லப்பட்டார்கள். பின்னாளில் டென்னிஸ் நட்சத்திரமான ஆண்டி மர்ரி, அன்று அதே பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சிறுவன்.

கொலைகாரன் வைத்திருந்தவை கள்ளத் துப்பாக்கிகள் அல்ல. எல்லாவற்றுக்கும் முறையான லைசென்ஸ் இருந்தது. அந்த லைசென்ஸை ரத்து செய்ய வேண்டும் என்று 1991-லேயே ஒரு போலீஸ் அதிகாரி எழுத்தில் பரிந்துரைத்திருந்தார். மேலதிகாரிகள் அதை ஏற்கவில்லை.

மக்கள் கொதித்தெழுந்தார்கள். கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்யக் கோரிய மனுவில் ஏழு லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். விசாரணை நடத்திய நீதிபதி கல்லன் பிரபுவின் அறிக்கை 1996 அக்டோபரில் வந்தது. உடனடியாக முழுத் தடை கொண்டுவரும்படி அவர் சொல்லவில்லை. பயன்படுத்தாத நேரத்தில் பிஸ்டலின் முக்கிய பாகத்தைக் கழற்றி கிளப்பில் பூட்டி வைக்கலாம் அல்லது குழலை அடைத்துப் பூட்டலாம், அது நடைமுறைக்கு ஒத்துவராவிட்டால் தடையை யோசிக்கலாம் என்றார்.

அரசியல் அதைத் தாண்டிப் போனது. ஜான் மேஜர் அரசு 1997-ல் பாயிண்ட் டூ-டூவுக்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. பாயிண்ட் டூ-டூவை மட்டும் அனுமதி பெற்ற கிளப்புகளுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றது. அதே ஆண்டில் ஆட்சிக்கு வந்த டோனி பிளேர் அரசு அதையும் தடை செய்தது. வட அயர்லாந்துக்கு மட்டும் இந்தச் சட்டங்கள் பொருந்தாது.

ஒப்படைத்தவர்கள் இழந்தது என்ன?

சுமார் 57,000 பேர் ஏறத்தாழ 1,62,000 கைத்துப்பாக்கிகளையும் 700 டன் தோட்டாக்களையும் காவல் நிலையங்களில் ஒப்படைத்தார்கள். அரசு கொடுத்த இழப்பீடு 9 கோடி பவுண்டுக்கும் அதிகம். மிகப் பெரும்பாலோர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தவர்கள்.

இழப்பீடு பணத்தை ஈடுகட்டியது. பழக்கத்தை ஈடுகட்டவில்லை. போட்டி பிஸ்டலின் மரப் பிடி, வீரரின் உள்ளங்கைக்கேற்ப இழைத்துச் செதுக்கப்படுவது. விசையின் எடையும் அவர் விரலுக்கேற்பத் திருத்தப்படும். பல ஆண்டுப் பயிற்சியில் கையோடு ஒன்றிப்போன கருவி அது. இன்னொன்றை வாங்கி அடுத்த வாரமே அப்படிச் சுட முடியாது.

அந்த வீரர்கள் அன்று முதல் வைக்கும் வாதம் ஒன்று உண்டு: ஒருவன் செய்த கொலைக்கு, எந்தத் தவறும் செய்யாத நாங்கள் விளையாட்டை இழந்தோம். அவர்களில் சிலர் ஏர் பிஸ்டலுக்கு மாறினார்கள். சிலர் வெடிமருந்தைக் குழல் வழியே திணிக்கும் பழைய வகைத் துப்பாக்கிகளுக்குப் போனார்கள். வசதி உள்ளவர்கள் ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார்கள். பலர் விளையாட்டையே விட்டார்கள். காமன்வெல்த் போட்டிகளில் மொத்தம் 18 பதக்கங்கள் வென்ற மிக் கால்ட் போன்றவர்களும் இந்தத் தடையின் நிழலில்தான் விளையாடினார்கள்.

2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டிக்காகத் தடையில் தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது. இந்தியா அங்கே வென்ற 30 தங்கங்களில் 14 துப்பாக்கி சுடுதலில் வந்தவை. லண்டன் ஒலிம்பிக்குக்கும் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கும் தயாராக, பிரிட்டன் வீரர்கள் சிலருக்கு மட்டும் உள்துறை சிறப்பு அனுமதி தந்தது. விருந்தினருக்குத் திறந்த கதவு சொந்த ஊர்ப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் திறக்கவில்லை.

தடையால் பலன் கிடைத்ததா?

டன்பிளேனுக்குப் பிறகு பிரிட்டனில் இன்றுவரை அப்படியொரு பள்ளிப் படுகொலை நடக்கவில்லை. இதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. அதே சமயம், கள்ளக் கைத்துப்பாக்கிக் குற்றங்கள் தடைக்குப் பிறகும் சில ஆண்டுகள் கூடின; அதன் பின்னரே குறைந்தன. 2010-ல் கம்ப்ரியாவில் 12 பேரைக் கொன்றவன் வைத்திருந்தது லைசென்ஸ் பெற்ற ஷாட்கன்னும் ரைஃபிளும்.

மற்ற நாடுகள் வேறு வழிகளில் போயின. ஆஸ்திரேலியா 2002-ல் மோனாஷ் பல்கலைக்கழகத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு எளிதில் மறைத்து எடுத்துச் செல்லக்கூடிய குட்டைக் குழல் பிஸ்டல்களையும் பெரிய அளவுத் தோட்டா பிஸ்டல்களையும் திரும்ப வாங்கிக்கொண்டு, போட்டிக்கானவற்றை விட்டுவைத்தது. நம்மவர்கள் பெருமளவில் வாழும் கனடா 2022 அக்டோபரில் கைத்துப்பாக்கி விற்பனையை நிறுத்தியது. கையில் இருப்பதை வைத்துக்கொள்ளலாம். ஒலிம்பிக் பிரிவுகளில் பயிற்சி எடுப்பவர்களுக்கு விலக்கு உண்டு.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமையல்ல. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அரசு தரும் அனுமதி. 2019 வரை ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. அந்த ஆண்டு வந்த திருத்த மசோதா அதை ஒன்றாகக் குறைக்க முயன்றது. எதிர்ப்புக்குப் பிறகு இரண்டு என்று முடிவானது. மூன்றாவதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் நடந்த ஒப்படைப்புக்கு இந்தியாவில் மிக நெருக்கமானது இதுதான்.

ஆனால் விளையாட்டு வீரர்களை இங்கே சட்டம் தனியாக வைத்துப் பார்த்தது. 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை வெளியிட்ட அறிவிக்கையின்படி, சர்வதேசப் பதக்கம் வென்றவர்களும் அங்கீகாரம் பெற்ற முன்னணி வீரர்களும் தங்கள் போட்டிப் பிரிவுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து 12 துப்பாக்கிகள் வரை கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். முன்பு இது 7. வளர்ந்துவரும் வீரர்களுக்கு ஒன்று என்றிருந்தது இரண்டானது. தேர்தல் நேரத்தில் லைசென்ஸ்தாரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லும்போதும், தேசிய ரைஃபிள் சங்கத்தின் போட்டியாளர்களுக்குப் பொதுவாக விலக்கு உண்டு.

கர்நாடகத்தில் இன்னொரு தனி ஏற்பாடும் இருக்கிறது. குடகின் கொடவ இன மக்களுக்கு வெள்ளையர் காலத்திலிருந்தே லைசென்ஸ் விலக்கு உண்டு. 2019-ல் அது 2029 வரை நீட்டிக்கப்பட்டது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

பெங்களூரு வீரர் பிரகாஷ் நஞ்சப்பா, பிரிட்டன் வீரர்கள் சிறப்பு அனுமதி வாங்கிக் கலந்துகொண்ட அதே கிளாஸ்கோ போட்டியில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெள்ளி வென்றார். ரியோ ஒலிம்பிக்கில் 50 மீட்டர் பிஸ்டலில் ஆடினார். ரியோவுக்குப் பிறகு அந்தப் பிரிவையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிரிவு போனாலும் இங்கே ஒரு வீரர் தன் பிஸ்டலை ஸ்டேஷனில் கொடுக்க வேண்டியதில்லை. பிரிட்டன் வீரர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லாமல் போனது.

நாம் செய்ய வேண்டியது என்ன?

டன்பிளேனில் முதலில் தோற்றது லைசென்ஸ் பரிசோதனை. எச்சரிக்கை கையில் இருந்தும் அதிகாரிகள் அசையவில்லை. அடுத்தது, அத்தனை துப்பாக்கியும் தோட்டாவும் ஒருவன் வீட்டில் இருந்தது. கல்லன் அறிக்கை காட்டிய வழி இந்த இரண்டாவது ஓட்டையை அடைக்கப் பார்த்தது: விளையாட்டு கிளப்பில் நடக்கட்டும், சுடத் தயாரான துப்பாக்கி வீட்டில் இருக்க வேண்டாம். குழந்தைகளின் உயிர் எந்த விளையாட்டையும்விடப் பெரிது. அதை மதித்துக்கொண்டே விளையாட்டையும் காப்பாற்ற முடியும் என்றுதான் நான் உறுதியாக நம்புகிறேன். பிரிட்டன் அந்த வழியைச் சோதித்துப் பார்க்காமலே கைவிட்டது.

நமக்கு அது இன்னும் எளிது. மனு பாக்கர் பதக்கம் வென்றது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். காற்றழுத்தத்தால் 4.5 மில்லிமீட்டர் குண்டைச் செலுத்தும் அந்தக் கருவிக்கு, குழல்முனை ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாதவரை, ஆயுத லைசென்ஸ் தேவையில்லை. பத்து மீட்டரைவிடச் சற்று நீளமான ஒரு கூடம், பின்னால் உறுதியான தடுப்பு, கண்டிப்பான பயிற்சியாளர் போதும். கருவியின் விலைதான் ஏழைப் பிள்ளைகளைத் தடுக்கிறது. ஒரு ரேஞ்சில் பொதுவாக நான்கு ஏர் பிஸ்டல் இருந்தால் நாற்பது பிள்ளைகள் முறைவைத்துப் பழகலாம். மாலையில் அவை ரேஞ்சின் பெட்டகத்துக்குள் பூட்டப்படும். எந்த வீட்டுக்குள்ளும் போகாது.

எனவே மாநில விளையாட்டுத் துறைக்கும் ரைஃபிள் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஸ்ரீராம்புரம் போன்ற பகுதிகளின் அரசுப் பள்ளிகளில் இத்தகைய சிறு ரேஞ்சுகளைத் திறந்துகொடுங்கள். பாயிண்ட் டூ-டூ பிரிவுகளுக்கு கிளப்பிலேயே பாதுகாப்பறை கட்டுவதைக் கட்டாயமாக்குங்கள். காவல்துறை லைசென்ஸ் விசாரணையை வெறும் கையெழுத்துச் சடங்காக நடத்தாமல், விண்ணப்பதாரரின் அக்கம்பக்கத்தைக் கேட்டறிந்து நடத்த வேண்டும். பிள்ளையை இந்த விளையாட்டில் சேர்க்கும் பெற்றோரும் கிளப்பில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கட்டணம் எவ்வளவு என்பதல்ல. பயிற்சி முடிந்ததும் துப்பாக்கியை எங்கே பூட்டுகிறீர்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். தெளிவான பதில் தராத கிளப்பில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.