ஓங்கிய கையை நிறுத்தும் பயிற்சி

1975ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கிரீன் ஹேவன் சிறையிலிருந்து உதவி கேட்டு ஒரு கோரிக்கை வெளியே போனது. கேட்டது சிறை நிர்வாகம் அல்ல, கைதிகள். வழக்குகளில் சிக்கத் தொடங்கியிருந்த இளைஞர்களைத் திருத்தும் வேலையில் அங்கே சில கைதிகள் தாங்களாகவே குழுவாக இறங்கியிருந்தார்கள். புத்திமதி சொல்ல அவர்களுக்குத் தெரியும். கை ஓங்கும் கணத்தில் அந்தப் புத்திமதி எங்கே போய்விடுகிறது என்பதையும் சொந்த வாழ்க்கையில் பார்த்தவர்கள். எனவே அடிதடி இல்லாமல் ஒரு மோதலைக் கடப்பது எப்படி என்று முறையாகக் கற்றுத்தரக்கூடிய ஆட்களைத் தேடினார்கள். குவேக்கர்கள் வந்தார்கள்.

குவேக்கர்கள் கிறிஸ்தவத்துக்குள் போரையும் ஆயுதத்தையும் மறுக்கும் ஒரு சிறு பிரிவினர். வியட்நாம் போருக்கு எதிரான ஊர்வலங்களில் கைகலப்பு மூளாமல் பார்த்துக்கொள்ளும் தொண்டர்களுக்கு நியூயார்க் குவேக்கர்கள் பயிற்சி கொடுத்து வந்தார்கள். அந்த அனுபவத்தோடு லாரன்ஸ் ஆப்சி என்ற வழக்கறிஞரும் வேறு சிலரும் கிரீன் ஹேவனுக்குள் போனார்கள். அங்கே நடந்த பட்டறைதான் ‘ஆல்டர்னேட்டிவ்ஸ் டு வயலன்ஸ் புராஜெக்ட்’, சுருக்கமாக ஏ.வி.பி., என்ற அமைப்பின் தொடக்கம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, இனப்படுகொலைக்குப் பிந்தைய ருவாண்டா என்று பல நாடுகளுக்கு அது பரவியிருக்கிறது. நடத்துகிறவர்கள் தன்னார்வலர்கள்.

அது தொடங்கிய காலத்தையும் சொல்ல வேண்டும். 1971 செப்டம்பரில் அதே மாநிலத்தின் ஆட்டிக்கா சிறையைக் கைதிகள் கைப்பற்றினார்கள். நான்கு நாள் கழித்து ஆயுதப் படை உள்ளே புகுந்து சுட்டது. மொத்தம் 43 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அந்த மீட்பு நடவடிக்கையில் அரசுத் தரப்பின் குண்டுக்குப் பலியானவர்கள், பிணையாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்த சிறை ஊழியர்களும் அதில் அடக்கம். 1974இல் ராபர்ட் மார்ட்டின்சன் என்ற சமூகவியலாளர், சிறைச் சீர்திருத்தத் திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார். அரசியல் மேடைகளில் அது ‘எதுவும் பலிக்காது’ என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிட்டது. 1979இல் மார்ட்டின்சன் தன் கருத்தைத் திருத்திக்கொண்டபோது காதில் வாங்கியவர்கள் குறைவு. கைதிகளைத் திருத்த முடியும் என்ற நம்பிக்கையை நிபுணர்களே கைவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அந்த நம்பிக்கையைக் கைதிகள் எடுத்து வைத்தார்கள். இந்தத் திட்டத்தின் மீது எனக்குள்ள மரியாதைக்கு முதல் காரணம் அதுதான்.

நாக்பூர் வழியாக வந்த ஒத்திகை

முதல் பட்டறையை நடத்தியவர்களில் பெர்னார்ட் லஃபாயெட்டும் ஒருவர். 1960இல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவகங்களில் போய் உட்கார்ந்து போராடிய கறுப்பின மாணவர்களில் அவரும் இருந்தார். அந்த மாணவர்களைத் தயார்செய்தவர் ஜேம்ஸ் லாசன். 1950களின் நடுவில் நாக்பூரின் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றியபடி காந்தியின் சத்தியாகிரகத்தைப் படித்துவிட்டு ஊர் திரும்பியவர் இந்த லாசன்.

நாஷ்வில்லில் அவர் வெறும் சொற்பொழிவு ஆற்றவில்லை. மாணவர்களில் ஒரு பாதி உணவகத்துக்குப் போகிறவர்களாகவும், மறு பாதி அவர்களைத் தாக்கும் கும்பலாகவும் நடித்தார்கள். வசைபாடினார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளினார்கள். அடி விழும்போது என்ன செய்வது என்பதை அடி விழுவதற்கு முன்பே உடம்பு பழகிக்கொள்ள வேண்டும் என்பதுதான் கணக்கு. இந்த ஒத்திகை முறைதான் பதினைந்து ஆண்டு கழித்துச் சிறைக்குள் நுழைந்தது.

பட்டறைக்குள் என்ன நடக்கிறது?

அடிப்படைப் பட்டறை ஏறத்தாழ இருபது மணி நேரம், பெரும்பாலும் மூன்று நாள். சிறையின் ஏதோ ஓர் அறையில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்படும். ஒவ்வொருவரும் தன் பெயருக்கு முன்னால் ஒரு நல்ல அடைமொழியைத் தானே சேர்த்துக்கொண்டு அறிமுகமாக வேண்டும். மூன்று நாளும் எல்லோரும் அந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். எண்ணாலோ குற்றத்தாலோ அறியப்பட்டு வந்த ஒருவரை ‘அமைதியான’ என்றோ ‘ஜாலியான’ என்றோ சக கைதி கூப்பிடுவது முதலில் சிரிப்பை வரவழைக்கும். பிறகு அது வழக்கமாகிவிடும்.

அடுத்து, எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் சில விதிகள். யாரையும் மட்டம் தட்டக் கூடாது, தன்னையும்தான். ஒருவர் பேசும்போது குறுக்கிடக் கூடாது. ஒரு பயிற்சிக்குத் தன்னை மட்டுமே முன்வைக்கலாம், அடுத்தவரை மாட்டிவிடக் கூடாது. இங்கே சொன்னது வெளியே போகக் கூடாது. விருப்பமில்லாத பயிற்சியில் ‘நான் இதில் இல்லை’ என்று ஒதுங்கிக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

கடைசி விதி வெளியே இருக்கும் நமக்குச் சாதாரணம். சிறையில் அப்படியல்ல. எப்போது எழ வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும், எந்தக் கதவு எப்போது திறக்கும் என எல்லாமே அங்கே வேறொருவரின் முடிவு. ஐந்து ஆண்டோ பதினைந்து ஆண்டோ இப்படி வைத்திருந்துவிட்டு, விடுதலையான மறுநாளிலிருந்து அவர் எல்லாவற்றையும் யோசித்துச் சரியாக முடிவெடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். முடிவெடுக்கும் பழக்கத்தையே பறிக்கும் ஓர் இடத்தில், ‘மாட்டேன்’ என்று சொன்னால் அது மதிக்கப்படும் ஓர் அறையைத் தன்னார்வலர்கள் உண்டாக்குகிறார்கள். பயிற்சியின் பாதி இதிலேயே நடந்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதி ஒத்திகை. இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்கிறார்கள். ஒரு வரிசைக்கு ஒரு வேடம், எதிர் வரிசைக்கு இன்னொன்று. தொலைபேசிக்காகக் காத்திருக்கும் இடத்தில் ஒருவன் முந்தப் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஜோடிகளும் ஒரே நேரத்தில் வாக்குவாதத்தை நடிக்கும்; சில நிமிடத்தில் நிறுத்தி, வேடத்தை மாற்றி மறுபடியும் நடிப்பார்கள். பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். குரல் எப்போது உயர்ந்தது, எந்தச் சொல்லில் சூடேறியது, எதிராளி என்ன செய்தபோது தணிந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்து அலசுவார்கள். எதிரியின் இடத்தில் நின்று பார்த்த பிறகு நடக்கும் அந்த அலசலில்தான் கற்றல் இருக்கிறது. பின்னாளில் நிஜமாகவே வரிசையில் ஒருவன் முந்தும்போது, கையில் ஒரு வழிக்குப் பதிலாக மூன்று நான்கு வழிகள் இருக்கும்.

அந்தக் கணத்துக்கு ஏ.வி.பி. ஐந்து வழிகாட்டிகளை வைத்திருக்கிறது: உன்னை மதி, பிறர் மேல் அக்கறை கொள், நல்லதை எதிர்பார், பதிலடிக்கு முன் யோசி, வன்முறையில்லாத வழியைத் தேடு. எழுதிப் பார்த்தால் பள்ளிச் சுவரில் காணும் வாசகங்கள் போலத்தான் இருக்கின்றன. ஒத்திகை இல்லாவிட்டால் சுவரிலேயே நின்றும் போகும்.

அடிப்படைப் பட்டறை முடித்தவர்கள் மேல்நிலைப் பட்டறைக்குப் போகலாம். அதன் பிறகு பயிற்சியாளர் ஆவதற்கான பட்டறை. இப்படித் தேறிய கைதிகள், வெளியிலிருந்து வரும் தன்னார்வலர்களோடு சமமாக நின்று அடுத்த பட்டறையை நடத்துகிறார்கள். ஆயுள் தண்டனைக் கைதிகள் பலர் இப்படிப் பயிற்சியாளர்களாக இருக்கிறார்கள். வெளியாள் சொன்னால் ‘உனக்கென்ன தெரியும்’ என்று ஒதுக்கும் ஓர் இளைஞன், இருபது ஆண்டு உள்ளே கழித்தவர் சொன்னால் கேட்கிறான்.

பலன் உண்டா?

அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு, 2005இல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. மூன்று ஆண்டுக்குள் 67.8 சதவீதம் பேரும், ஐந்து ஆண்டுக்குள் 76.6 சதவீதம் பேரும் மறுபடி கைதானார்கள். தண்டனையால் மட்டும் ஒருவர் பாடம் கற்றுக்கொள்வார் என்றால் இந்த எண் இவ்வளவு பெரிதாக இருந்திருக்காது.

சிந்திக்கும் முறையை மாற்றும் பயிற்சிகளுக்கு இந்த எண்ணைக் குறைக்கும் சக்தி உண்டு என்பதற்குக் கணிசமான ஆதாரம் சேர்ந்திருக்கிறது. நானா லாண்டன்பெர்கரும் மார்க் லிப்சியும் 2005இல் 58 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசியதில், இத்தகைய பயிற்சி பெற்றவர்கள் மறுபடி குற்றத்தில் சிக்குவது சராசரியாக 25 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. எந்தப் பெயர்கொண்ட திட்டம் என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை; எவ்வளவு ஒழுங்காக நடத்தப்பட்டது என்பது உண்டாக்கியது.

‘திங்கிங் ஃபார் எ சேஞ்ச்’ என்ற அரசுத் தரப்புப் பாடத்திட்டம் இந்த வகை. அதில் கைதி ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு, என்ன நடந்தது என்பதை மட்டும் முதலில் எழுத வேண்டும். பிறகு அப்போது மனதில் ஓடிய எண்ணங்கள், எழுந்த உணர்ச்சிகள், அவற்றுக்கு அடியில் இருந்த நம்பிக்கைகள். ‘அவன் என்னைப் பார்த்தான்’ என்பது நடந்தது. ‘அவன் என்னை அவமானப்படுத்தினான்’ என்பது எண்ணம். இரண்டும் ஒன்றல்ல என்பதைக் காகிதத்தில் பார்க்கும்போது பலர் திகைத்துப் போகிறார்கள்.

சிகாகோவில் நடந்த ஆய்வுகள் இன்னும் ஆழமாகப் போயின. சாரா ஹெல்லரும் மற்ற ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட முடிவுகளின்படி, குக் கவுன்டி சிறார் காப்பகத்தில் இத்தகைய பயிற்சி பெற்ற பதின்ம வயதினர் மறுபடி அங்கே கொண்டுவரப்படுவது 21 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில் இடம்பெற்ற பள்ளி மாணவர்களுக்கான ‘பிகமிங் எ மேன்’ திட்டத்தில் ஒரு பயிற்சி உண்டு. இருவரில் ஒருவன் கையில் ஒரு பந்து. அதை முப்பது விநாடிக்குள் வாங்க வேண்டும் என்று மற்றவனுக்குச் சொல்வார்கள். ஏறக்குறைய எல்லோரும் பிடித்து இழுத்து, கையை முறுக்கிப் பிடுங்கப் பார்ப்பார்கள். ‘கொடு’ என்று ஏன் கேட்கவில்லை என்று பயிற்சியாளர் விசாரிப்பார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்பான் பந்தை வைத்திருந்தவன். திட்டம் நடந்த காலத்தில் அந்த மாணவர்கள் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது 45 முதல் 50 சதவீதம் வரை குறைந்தது.

ஏன் என்று தேடியபோது கிடைத்த விடை முக்கியமானது. இந்தப் பிள்ளைகள் வளரும் தெருவில், ஒருவன் மிரட்டும்போது பணிந்து போனால் நாளைக்கு எல்லோரும் மிரட்டுவார்கள். எதிர்த்து நிற்பது அங்கே அறிவுள்ள முடிவு. அதே பழக்கம் வகுப்பில் ஆசிரியர் ‘உட்கார்’ என்று சொல்லும்போதும் தானாகவே எழும்பினால் வாழ்க்கை கெடுகிறது. பயிற்சி அவர்களிடம் ‘சண்டை போடாதே’ என்று சொல்லவில்லை. இப்போது எந்த இடத்தில் நிற்கிறாய் என்று ஒரு கணம் நின்று பார்க்கப் பழக்கியது. ‘ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு’ என்று நாம் ஆளைக் குற்றம் சொல்லி முடித்துவிடுகிறோம். இந்த ஆய்வுகள் அதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன: புத்தி இருக்கிறது, அது வந்து சேர நேரம்தான் கிடைப்பதில்லை.

இந்த எண்களை அப்படியே தூக்கி ஏ.வி.பி.யின் கணக்கில் எழுத முடியாது. சிகாகோ காப்பகத்தில் பயிற்சி கொடுத்தவர்கள் பழக்கப்பட்ட ஊழியர்கள், அதுவும் அன்றாடம். தன்னார்வலர்களின் பட்டறையோ மூன்று நாள். மேரிலாந்து சிறை ஒன்றில் ஏ.வி.பி. பற்றி நடந்து 2001இல் வெளியான ஆய்வு, பங்கேற்றவர்களின் கோபம் குறைந்ததாகச் சொன்னது. ஆனால் விரும்பி வருகிறவர்களே பங்கேற்பதால், திருந்த நினைத்தவர்கள்தான் வந்தார்களா, வந்ததால் திருந்தினார்களா என்று பிரித்துச் சொல்வது கடினம். இன்னொரு குறையும் உண்டு. பட்டறை வாசற்கதவோடு முடிந்துவிடுகிறது. குற்றப் பதிவோடு வேலை தேடும், வாடகைக்கு வீடு தேடும் ஒருவருக்கு நல்ல முடிவெடுக்கத் தெரிந்தாலும், தேர்ந்தெடுக்க நல்ல வழிகள் இருந்தால்தானே ஆகும்?

தன்னார்வலர்களின் வேலையும் லேசானதல்ல. உள்ளே போக முன்விசாரணை, ஒவ்வொரு வாசலிலும் சோதனை. சிறையில் ஏதாவது கலவரம் என்றால் எல்லோரையும் அறைகளில் பூட்டிவிடுவார்கள், பட்டறை ரத்தாகும். 2020இல் கொரோனா வந்தபோது அமெரிக்கச் சிறைகள் வெளியாட்களுக்கு ஒட்டுமொத்தமாகக் கதவை மூடின. இத்தனைக்கும் பிறகு இவர்கள் போவதில் கைதிகளுக்கு ஒரு சேதி இருக்கிறது. சம்பளத்துக்காக வராத, நன்னடத்தை அறிக்கை எழுதாத, தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ அதிகாரமில்லாத ஒரு மனிதர் தன் வார இறுதியைக் கொடுத்து எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஊழியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த இடத்தை நிரப்ப முடியாது.

விடுதலையே ஆகப்போவதில்லை என்றிருப்பவர்களுக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களும் ஒரு கூடத்தில், வேறு மனிதர்களுக்கு நடுவே, காவலர்களின் கண்முன்னே ஒவ்வொரு நாளும் வாழத்தான் வேண்டும். அங்கே ஒரு கை ஓங்காமல் இருந்தால் ஒரு கைதிக்கோ காவலருக்கோ உடம்பில் காயமில்லை. நிர்வாகம் இதற்குக் கொடுக்க வேண்டியது ஓர் அறை, மூன்று நாள், உள்ளே வர அனுமதி. இதைக்கூட மறுப்பதற்கு எந்தச் சிறை நிர்வாகத்திடமும் நியாயமான காரணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.