உள்ளே போவது சுலபம்

குடும்பத்தில் ஒருவர் மென்பொருள் வேலையில் இருந்துவிட்டால் போதும், கல்யாணப் பந்தியில் சாம்பார் வருவதற்குள் நாலு பேர் சந்தேகம் கேட்டுவிடுவார்கள். எந்த லேப்டாப் வாங்கலாம், போட்டோவெல்லாம் எங்கே ஏற்றி வைக்கலாம், கணக்கு எழுத எந்த ஆப் நல்லது, பிரிண்டர் ஏன் மக்கர் பண்ணுகிறது? பிரிண்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது; இந்தத் தொழிலில் யாருக்கும் தெரியாது என்பது என் உறுதியான நம்பிக்கை. மற்றவற்றுக்கெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். நாளைக்கு இந்தக் கருவியே வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால், இதற்குள் போட்டு வைத்ததெல்லாம் முழுசாக உங்கள் கைக்கு வந்துவிடுமா?

வேகம், அழகு, விலை எல்லாம் அதற்கு அப்புறம்தான். எந்தக் கம்பெனியும் உள்ளே வருகிறவர்களுக்குத் தோரணம் கட்டி வரவேற்கும். வெளியே போகிறவர்களுக்கு என்ன வைத்திருக்கிறது என்று பார்த்தால்தான் அதன் யோக்கியதை தெரியும்.

என் சொந்தத் தொழிற்கருவியிலிருந்தே தொடங்குகிறேன். நிரல் எழுதுகிறவர்களுக்கு எடிட்டர் என்பது ஜாதகம் மாதிரி, அவ்வளவு சுலபத்தில் மாற்ற மாட்டார்கள். 1976ல் பில் ஜாய் எழுதிய ‘விஐ’ எடிட்டரில் மேலே கீழே, இடது வலது நகர்வதற்கு எச், ஜே, கே, எல் என்ற நாலு எழுத்துகளைத்தான் தட்ட வேண்டும். காரணம் தத்துவம் எதுவுமில்லை. அவர் வேலை செய்த முனையத்தின் விசைப்பலகையில் அந்த நாலு எழுத்துகள் மீதுதான் அம்புக்குறி அச்சிட்டிருந்தது. அந்த இயந்திரம் காணாமல் போய்விட்டது. பழக்கம் மட்டும் இன்றைக்கும் என் விரலில் இருக்கிறது. 1991ல் நெதர்லாந்துக்காரர் பிராம் மூலெனார் அதன் பாணியில் ‘விம்’ என்ற எடிட்டரை வெளியிட்டார். காசு கேட்கவில்லை. திறந்தால் முகப்பிலேயே உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். 2023 ஆகஸ்டில் அவர் காலமானார். விம் நிற்கவில்லை, கூட வேலை செய்தவர்கள் எடுத்து நடத்துகிறார்கள்.

விம் உசத்தியா, ஈமேக்ஸ் உசத்தியா என்ற சண்டை எனக்கு வேலை கிடைப்பதற்கு முன்பே தொடங்கியது, நான் ஓய்வு பெற்ற பிறகும் நடக்கும். அதில் எனக்கு அக்கறை இல்லை. இரண்டிலும் எழுதிச் சேமிப்பது வெறும் எழுத்துக் கோப்பு. எதில் எழுதியதை எதில் வேண்டுமானாலும் திறக்கலாம். கிட்ஹப் நிறுவனம் ‘ஆட்டம்’ என்ற எடிட்டரைக் கொண்டுவந்து, லட்சக்கணக்கானவர்களைப் பழக்கிவிட்டு, 2022 டிசம்பர் 15 அன்று மூடியது. நடுவில் 2018ல் கிட்ஹபையே மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. மைக்ரோசாஃப்டிடம் ஏற்கெனவே விஎஸ் கோட் என்ற எடிட்டர் இருந்தது. இதில் வேடிக்கை, ஆட்டமுக்காகப் போட்ட எலெக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மேல்தான் விஎஸ் கோடும் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் ஆட்டம் மூடிய அன்று யாருடைய நிரலிலும் ஒரு வரிகூடத் தொலையவில்லை. மறுநாள் காலையில் வேறு எடிட்டரில் திறந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

இதே காரியம் தமிழில் எழுதுகிறவர்களுக்கு நடந்தபோது இவ்வளவு நிம்மதியாக நடக்கவில்லை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளில் கணினிக்குத் தமிழ் தெரியாது. எழுத்துருக்காரர்கள் அதை ஏமாற்றினார்கள். ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடமும் பரவலாக இருந்த பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் திரையில் அம்மா என்றுதான் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, ஒரு எச். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஆங்கில எழுத்துகள்தான் வரிசையாக நிற்கும். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில், வேறு இடத்தில் டிஸ்கி, 1999ல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டுக்குப் பிறகு அரசு அறிவித்த டாம், டாப் என்று ஆளுக்கொரு ஏற்பாடு. ஒன்றில் அடித்தது மற்றொன்றுக்குப் புரியாது. அந்தக் காலத்தில் டி.டி.பி. சென்டர்களில் பேஜ்மேக்கரில் அடித்துச் சேர்த்த நாவல்கள், ஊர்த் தலவரலாறு, கோயில் மலர், ஆய்வேடு எல்லாம் இன்றைக்கும் பழைய சிடிக்களில் கிடக்கின்றன. கோப்பு கெடவில்லை, ஒரு பைட்கூடக் குறையவில்லை. வாசிக்கத்தான் ஆளில்லை.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட், 1991ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்திருந்தது. தமிழ்நாடு அரசு அதை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010ல். நடுவில் போன இருபது வருஷத்துச் சரக்குதான் அந்தச் சிடிக்கள். யூனிகோட்டில் தமிழுக்கு நியாயம் கிடைத்ததா என்று வாதாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் உண்மையும் உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லில் நமக்குத் தெரிவது மூன்று எழுத்து. கணினி எண்ணினால் ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யூனிகோட் எழுத்தைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும் என்பதால் மொத்தம் பதினைந்து. இது தெரியாமல் ‘பெயர் இருபது எழுத்துக்குள்’ என்று கட்டம் போடுகிற நிரலாளர்களால்தான் படிவங்களில் தமிழ்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்படுகின்றன. இன்னொரு கோளாறு இதைவிடச் சூட்சுமமானது. ‘கொ’ என்பதை ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. இரண்டையும் ஒன்றாக்கும் விதிமுறை யூனிகோட்டிலேயே இருக்கிறது. நிரலில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. அந்த ஒரு வரியைச் சேர்க்காத சோம்பலுக்கு யூனிகோட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

எத்தனை குறை இருந்தாலும், யூனிகோட்டில் அடித்த தமிழை எந்தப் போனிலும் எந்தக் கணினியிலும் எழுத்துரு தேடாமல் வாசிக்க முடிகிறது. என் கணக்கில் அது ஒன்றே போதும். யுடிஎஃப்-8 முறையை கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992ல் நியூஜெர்சியில் ஒரு உணவகத்தில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் எழுதி வடிவமைத்தார்கள். நம் வாட்ஸ்அப்பில் தினமும் ஓடுகிற காலை வணக்கங்கள் அத்தனைக்கும் அந்தத் தாள்தான் ஆதி.

தட்டச்சு விஷயத்தில் என் ஓட்டு தமிழ்99க்கு. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதலாவதுக்குத் தானே புள்ளி விழும். அம்மாவுக்கு அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. ஆங்கில ஒலிப்பு முறையில் அடிக்கிறவர்கள் ந, ன, ண மூன்றுக்கும் எந்த விசை என்று நடுவில் யோசிக்க வேண்டியிருக்கிறது. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி மறுபடி தமிழாக்கும் வேலை எனக்குச் சரிப்படவில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இந்த விசைப்பலகை இப்போது கூடவே வருகிறது. ஒரு வாரம் தடுமாறும், அப்புறம் ஓடும்.

எக்ஸெல்லுக்கு வருகிறேன். இந்த நாட்டின் பாதி நிர்வாகம் எக்ஸெல்லில் ஓடுகிறது. கல்யாண மொய்க் கணக்குகூட அதற்கு மாறிவிட்டது. நல்ல கருவி. ஆனால் கேட்காமல் உதவி செய்கிற பெரியப்பாவின் குணம் அதற்கு. 044 என்று சென்னையின் எஸ்டிடி எண்ணை அடித்தால் முன்னாலிருக்கும் பூஜ்யம் எதற்கு என்று எடுத்துவிடும். பன்னிரண்டு இலக்க ஆதார் எண்ணை அடித்தால் ஈ, கூட்டல் குறி, 11 என்று விஞ்ஞானிகள் எழுதுகிற பாணிக்கு மாற்றிக் காட்டும். பதினைந்து இலக்கத்துக்கு மேல் அது துல்லியம் வைத்துக்கொள்வதில்லை என்பதால், பதினாறு இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். அந்தக் கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ என்று முன்கூட்டியே குறித்துவிட்டு அடித்தால் தப்பிக்கலாம். எத்தனை அலுவலகங்களில் குறிக்கிறார்கள்?

விஞ்ஞானிகளும் இதில் தப்பவில்லை. மார்ச்1, செப்ட்2 என்கிற மாதிரி பெயர் கொண்ட மரபணுக்களை எக்ஸெல் தேதி என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020ல், மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழு மரபணுக்களின் பெயரை மாற்றியது. அதே ஆண்டு இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை கோவிட் பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை எக்ஸெல் கோப்பில் ஏற்றியது. அந்த வகையில் 65,536 வரிசைக்கு மேல் இடம் கிடையாது. மிச்சம் வெளியே விழுந்தது. 15,841 தொற்றாளர்கள் பல நாட்கள் கணக்கிலேயே வரவில்லை. அவர்களோடு பழகியவர்களுக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கையும் போகவில்லை. கோப்பு ‘நிறைந்துவிட்டது’ என்று கத்தியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். சத்தமில்லாமல் தவறு செய்கிற கருவியைவிட, முரண்டுபிடித்து நிற்கிற கருவியே மேல்.

பிடிஎஃப் பற்றி ஒரே வரி: அச்சுக்கு அனுப்பவும் கையெழுத்துப் போடவும் மட்டும். தமிழ் பிடிஎஃபிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

மேகத்தில் சேமிப்பது சரியா என்று கேட்பவர்களுக்கு என் பதில், சரி, ஆனால் அங்கே மட்டும் என்றால் சரியில்லை. வலைப்பதிவுகளைத் திரட்டி வாசிக்க உதவிய ரீடரை கூகுள் 2013 ஜூலையில் மூடியது. எவ்வளவோ பேர் ஆத்திரப்பட்டார்கள். ஆனால் அவரவர் வாசிப்புப் பட்டியலை ஒரே கோப்பாக எடுத்துக்கொள்ள வழி இருந்தது, எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போனார்கள். வாட்ஸ்அப்பில், ஆண்ட்ராய்டு போனிலிருந்து ஐபோனுக்கு அரட்டைகளை முறையாகக் கொண்டுபோகும் வழியே 2022ல்தான் வந்தது. அதுவரை போன் மாற்றியவர்கள் அம்மா அப்பாவின் குரல் செய்திகளைப் பழைய போனிலேயே விட்டுவிட்டு வந்தார்கள், அல்லது பழைய போனைத் தூக்கிப்போடாமல் பீரோவில் வைத்தார்கள். இத்தனைக்கும் ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தன் செய்திகளைச் சேமிப்பது எஸ்கியூலைட் என்ற திறந்த தரவுத்தளத்தில்தான். ரிச்சர்ட் ஹிப் 2000ல் தொடங்கியது அது; 2050 வரை பராமரிப்போம் என்று அவருடைய சின்னஞ்சிறு குழு வாக்குக் கொடுத்திருக்கிறது. உள்ளே இருப்பது நல்ல பெட்டி. பூட்டும் சாவியும் கம்பெனியிடம்.

பேக்கப் எடுப்பது பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். எடுத்ததைத் திறந்து பார்ப்பதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. 2017 ஜனவரி 31 இரவு, நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் களைத்துப்போயிருந்த ஒரு பொறியாளர், வேறு சர்வர் என்று நினைத்து உண்மையான தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். சில நொடிகளில் சுதாரித்து நிறுத்தியபோது முந்நூறு ஜிபியில் மிஞ்சியது ஐந்துக்கும் குறைவு. நிறுவனத்தில் ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடு இருந்தது. ஐந்தில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரியத்துக்காகத் தற்செயலாக எடுத்த ஒரு நகல் காப்பாற்றியது. அதை மூடி மறைக்காமல், மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அதற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை. வீட்டுக்கு நான் சொல்வது பழைய சூத்திரம்தான்: மூன்று பிரதி, இரண்டு வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. வருஷத்தில் ஒரு நாள் அதிலிருந்து நாலு போட்டோவையாவது திறந்து பாருங்கள்.

கடவுச்சொல்லை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வீண் தொல்லை. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2017லேயே அந்த விதியைக் கைவிட்டது. 2003ல் பழைய விதியை எழுதிய பில் பர் தானே வருத்தம் தெரிவித்தார். மாற்றச் சொன்னால் ஜனங்கள் கடைசியில் இருக்கும் 1ஐ 2 ஆக்குவார்கள், வேறென்ன செய்வார்கள்? கடவுச்சொல்லை நிர்வகிக்க கீபாஸ் மாதிரி திறந்த வடிவத்தில் சேமிக்கும் மென்பொருள் ஒன்று போதும்.

செயற்கை நுண்ணறிவு? தினமும் பயன்படுத்துகிறேன். மறந்துபோன ஒரு கட்டளையை எழுதித் தர, புரியாத பிழைச் செய்திக்கு அர்த்தம் கேட்க, அலுப்பூட்டும் சோதனை நிரல்களை எழுத அது நல்ல ஆள். சரியா தப்பா என்று நானே பார்த்துச் சொல்ல முடியாத வேலையை மட்டும் அதனிடம் கொடுப்பதில்லை. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக வெட்டிக்கொண்டுதான் பெரும்பாலும் வாசிக்கிறது, துண்டுக்குத் துண்டு காசு என்பதால் நமக்குச் செலவும் கூடுதல். அது எழுதித் தருவதை உடனே என் எழுத்துக் கோப்பில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். இன்றைக்கு இருக்கிற சாட்பாட்களில் எது பத்து வருஷம் கழித்து இருக்கும் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, ஊர் நூலகத்திலோ, தெரிந்த எழுத்தாளர் ஒருவரின் அலமாரியிலோ பாமினி, வானவில், டிஸ்கியில் அடித்த கோப்புகள் இருந்தால் இந்த மாதமே எடுத்துப் பாருங்கள். யூனிகோட்டுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தரம் பிழை திருத்தினால் போதும். அதை அடித்தவர்களில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். எந்த எழுத்துருவில் அடித்தோம் என்று அவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். அந்தச் சிடிக்களைப் படிக்கும் டிரைவ் இல்லாமல்தான் இப்போதெல்லாம் லேப்டாப்பே விற்கிறார்கள்.