ஆழ்வார்திருநகரிக்கு எத்தனை எழுத்து? தமிழில் தடுமாறும் ஆப்களும், சரிசெய்யும் சில வரிகளும்

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் அவதரித்த ஊர். பழைய பெயர் திருக்குருகூர். சென்னையில் வளசரவாக்கத்தை ஒட்டி இருப்பது ஆழ்வார்திருநகர். இரண்டுக்கும் நடுவே சுமார் 600 கிலோமீட்டர் தூரம். ஆனால் எழுதிப் பார்த்தால் கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. ஒன்றில் ‘ரி’, இன்னொன்றில் ‘ர்’.

தமிழ் படிக்கத் தெரிந்த யாருக்கும் இதில் குழப்பம் வராது. ஆனால், வெப் அப்ளிகேஷன் எழுதும் ஒரு டெவலப்பர் எங்கிருந்தோ காப்பி பேஸ்ட் செய்த ஒரே ஒரு வரி, இந்த இரண்டு ஊரையும் ஒன்றாக்கிவிடும். அது டெலிவரி முகவரியாக இருக்கலாம், அரசு விண்ணப்பமாகவும் இருக்கலாம்.

எப்படி நடக்கிறது இது?

9, 15, 45... எது சரி?

ஆ, ழ், வா, ர், தி, ரு, ந, க, ரி. விரல் விட்டு எண்ணினால் 9 எழுத்து. இதையே பிஎச்பி-யிடம் கேளுங்கள். ‘எஸ்டிஆர்லென்’ 45 என்று சொல்லும். ‘எம்பி எஸ்டிஆர்லென்’ 15 என்னும். ‘கிராஃபீம் எஸ்டிஆர்லென்’ மட்டும்தான் 9 என்று சொல்லும். ஒரே ஊர், மூன்று பதில்!

மூன்றுமே அதனதன் அளவில் சரிதான். யூனிகோடில் ‘ரி’ என்பது ஒரு எழுத்து இல்லை. ‘ர’ என்ற குறியீட்டுக்குப் பின்னால் இகரக் குறி தனியாக நிற்கிறது. புள்ளிக்கும் அப்படித்தான், தனிக் குறியீடு. அதனால் 9 எழுத்து 15 குறியீடாகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் பிடிக்கும் என்பதால் 45 பைட்.

ஒவ்வொரு எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் ‘டேஸ்16’ முறையும் இருக்கிறது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடுடன் சேர்த்து இதையும் தரமாக ஏற்றது. ஆனால் பிரவுசர் உலகம் யூனிகோடில்தான் ஓடுகிறது. ஆகவே, டெவலப்பர்தான் கவனமாக இருக்க வேண்டும்.

வெட்டினால் காலை இழக்கும் எழுத்து

மொபைல் திரையில் இடம் இல்லை, 10 எழுத்தோடு வெட்டி மூன்று புள்ளி வைக்கலாம் என்று ஜாவாஸ்கிரிப்டில் ‘ஸ்லைஸ்’ போடுவது எல்லோருக்கும் பழக்கம். ஆழ்வார்திருநகரியை அப்படி வெட்டினால் வருவது ‘ஆழ்வார்திர...’. ‘ரு’வின் உகரம் போயே போச்சு.

இதைவிடக் கொடுமை இனிஷியல். தமிழ்நாட்டில் அப்பா பெயரின் முதல் எழுத்துதான் நம் அடையாளமே. முருகனின் மகளுக்கு ‘மு.’ என்று வர வேண்டிய இடத்தில், முதல் குறியீட்டை மட்டும் எடுக்கும் ஆப் ‘ம.’ என்று போட்டுவிடும். சான்றிதழில் இப்படி அச்சானால் யார் அலைவது?

தீர்வு, ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் ‘இன்டல் செக்மென்டர்’. மொழியாக ‘டிஏ’, அளவாக ‘கிராஃபீம்’ என்று கொடுத்தால், சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். குரோம் 2020-லேயே இதைக் கொண்டுவந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் 2024-ல்தான் வந்தது. இப்போது முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் ஓடும். பைத்தானில் எழுதுபவர்களுக்கு ‘ஓப்பன் தமிழ்’ நூலகத்தின் ‘கெட் லெட்டர்ஸ்’ இருக்கிறது. வெறும் தோற்றத்துக்காக வெட்டுவதாக இருந்தால், அந்த வேலையை சிஎஸ்எஸ்-ஸிடம் விட்டுவிடுவது இன்னும் நல்லது.

ஒரு சின்ன எச்சரிக்கை: ‘ஸ்ரீ’யை செக்மென்டர் ‘ஸ்’, ‘ரீ’ என இரண்டாகத்தான் எண்ணும்.

இரண்டு ஊர் ஒன்றாவது எப்படி?

இப்போது முதலில் சொன்ன விவகாரத்துக்கு வருவோம். பைத்தானின் ஜாங்கோவில், தலைப்பை இணைய முகவரியாக மாற்ற ‘ஸ்லக்கிஃபை’ என்ற ஃபங்ஷன் உண்டு. அப்படியே பயன்படுத்தினால் தமிழ்ச் சொல் மொத்தமும் காணாமல் போய், வெற்று முகவரிதான் மிஞ்சும். ‘யூனிகோடை அனுமதி’ என்ற விருப்பத்தைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும்.

சரியாகாது. ரெஜெக்ஸில் ‘சொல்லுக்குள் வரும் எழுத்து’ என்பதற்கான குறியீட்டை பைத்தான் பார்க்கும் விதத்தில், புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் எழுத்துகளே அல்ல. அதனால் அத்தனையையும் உரித்து எடுத்துவிடுகிறது. ஆழ்வார்திருநகரி ‘ஆழவரதரநகர’ ஆகிறது. ஆழ்வார்திருநகரும் அதே ‘ஆழவரதரநகர’தான்!

ஸ்லக் தனித்துவமாக இருக்க வேண்டும் என்று டேட்டாபேஸில் விதி இருந்தால் இரண்டாவது ஊர் சேவ் ஆகாது. விதி இல்லாவிட்டால் எந்த ஊரின் பக்கம் திறக்கும் என்பது அவரவர் யோகம்.

தேடல் பெட்டிக்காக, எழுத்தின் மேலுள்ள ‘குறிகளை நீக்கும்’ கோடிலும் இதே ஆபத்து இருக்கிறது. பிரெஞ்சு, ஸ்பானிஷ் எழுத்துகளின் தலைக்குறிகளை நீக்க எழுதப்படும் வரிகள் அவை. யூனிகோடின் ‘எம்’ வகை மொத்தத்தையும் அது நீக்கினால், தமிழில் அர்த்தமே போய்விடும். முகவரி விஷயத்தில் ஊர்ப் பெயரை மட்டும் நம்பாமல் பின்கோடையும் சேர்த்துப் பொருத்துவது பாதுகாப்பு. 628 என்று தொடங்கினால் தூத்துக்குடி பக்கம், 600 என்றால் சென்னை.

பெயர் படிவங்களிலும் இதே கதைதான். ‘எழுத்துகள் மட்டும்’ என்று ‘எல்’ வகையை மட்டும் அனுமதித்தால், ஆழ்வார் என்ற பெயரே ‘தவறான உள்ளீடு’ ஆகிவிடும். ‘எல்’ வகையுடன் ‘எம்’ வகையையும் சேர்த்து, ‘யு’ ஃபிளாக் போட்டால் போதும். இவ்ளோதான்.

கொற்கையைத் தேடினால் கிடைக்காதது ஏன்?

அதே மாவட்டத்தில்தான் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த ஊர். இதன் முதல் எழுத்து ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறி ஒரே குறியீடாக வரலாம். அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக வரலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒன்று 6 குறியீடு, இன்னொன்று 7. ‘இரண்டும் சமமா?’ என்று கேட்டால் கம்ப்யூட்டர் ‘இல்லை’ என்றே சொல்லும்.

இதற்கு மருந்து ‘நார்மலைஸ்’. ‘என்எஃப்சி’ வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமியுங்கள். தேட வருகிற சொல்லையும் அதேபோல மாற்றிவிட்டுத் தேடுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பயனில்லை.

ஆழ்வார்திருநகரியின் பக்கத்து ஊரான ஸ்ரீவைகுண்டம் இந்த மருந்துக்கும் அடங்காது. ‘ஸ்ரீ’யை வழக்கமான ‘ஸ’வைக் கொண்டும் எழுதலாம், யூனிகோடில் பிறகு சேர்க்கப்பட்ட ‘ஶ’வைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் யூனிகோடுக்கு இவை வெவ்வேறு எழுத்து. நார்மலைஸ் இவற்றை ஒன்றாக்காது. ஒன்றை இன்னொன்றாக மாற்றும் வரியை டெவலப்பரே எழுத வேண்டும். ‘திருவைகுண்டம்’ என்று தேடுபவர்களுக்கு இன்னொரு வரி!

அகரவரிசையும் எழுத்து வரம்பும்

வெறும் ‘சார்ட்’ போட்டால் கனகா முதலில், கபிலன் பிறகு வருவார். யூனிகோடு அட்டவணையில் ‘ன’ முன்னால், ‘ப’ பின்னால் இருப்பதே காரணம். தமிழ் அகரவரிசையில் ‘ன’ கடைசி. ‘இன்டல் கொலேட்டர்’ மூலம் தமிழ் என்று சொல்லி வரிசைப்படுத்தினால் பள்ளியில் படித்த வரிசை வந்துவிடும்.

எச்டிஎம்எல் படிவத்தின் ‘மேக்ஸ்லென்த்’ எண்ணுவதும் குறியீடுகளைத்தான். 10 என்று வைத்தால் ஆழ்வார்திருநகரிக்காரரால் தன் ஊர்ப் பெயரை முழுதாக டைப் செய்யவே முடியாது. ஆரக்கிளில் ‘வார்கேர்2’ 30 என்று மட்டும் எழுதினால், வழக்கமான அமைப்பில் அது 30 பைட்; நம் ஊருக்குத் தேவை 45. எஸ்எம்எஸ்-ஸிலும் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழ் கலந்தால் 70-தான்.

அடுத்த முறை ஆப் ரிலீஸ் ஆகும் முன், டெஸ்டிங் பட்டியலில் இந்தப் பெயர்களைச் சேர்த்துப் பாருங்கள்: ஆழ்வார்திருநகரி, ஆழ்வார்திருநகர், இரண்டு விதமாக டைப் செய்த கொற்கை, இரண்டு விதமான ஸ்ரீவைகுண்டம், ‘மு.’ இனிஷியல் உள்ள ஒரு கனகா. சேமிப்பது, தேடுவது, வெட்டுவது, வரிசைப்படுத்துவது என நான்கையும் ஓட்டிப் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகாது.