மர்ம நாவலும் உரிமை ஓலையும்

வற்றாப்பளைப் பொங்கல் கழிந்த அடுத்த கிழமை, முன்னொருகால் என்னிடம் தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர் தண்ணீரூற்றிலுள்ள என் இல்லத்திற்கு வந்தார். அவர் கையில் ஒரு கையெழுத்துப் பிரதி இருந்தது. இருநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட மர்ம நாவல் அது. அதனை நூலாக்குவதற்கு இரண்டு வழிகள் அவர் முன் இருந்தன. மனைவியின் காப்பை ஈடுவைத்து, முந்நூறு பிரதிகளைத் தாமே அச்சிடுதல் ஒன்று. கடல் கடந்த பதிப்பகம் ஒன்று அனுப்பியிருந்த ஒப்பந்த ஓலையிற் கையொப்பமிட்டு நூலை ஒப்படைத்தல் மற்றொன்று. அவ்வோலையில், ஒரு சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு நூலின் உரிமை முழுவதையும் எக்காலத்துக்கும் பதிப்பகத்துக்கே கொடுத்துவிட வேண்டும் என்றொரு வாசகம் இருந்தது.

“ஐயா, இதை நானே அடிக்கட்டோ, இல்லாட்டி அவையிட்டைக் குடுக்கட்டோ?” என்று அவர் கேட்டார்.

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. சந்தி இலக்கணத்திலே ஐயம் என்றிருப்பின் ஒரு நொடியிற் கூறியிருப்பேன். இதுவோ ஒரு குடும்பத்தின் பொருளும் ஓர் எழுத்தாளனின் உழைப்பும் பற்றிய வினா. ஒரு கிழமை தவணை கேட்டேன். அக்கிழமையில் எண்ணிப் பார்த்தபோது, மர்ம நாவலின் வரலாறே இவ்வினாவுக்கு விடையாக நிற்பது புலனாயிற்று. அதனை ஈண்டு வாசகர்க்கும் உரைக்க விழைகின்றேன்.

தாமே அச்சிட்டுக்கொள்ளும் நூல் தாழ்ந்தது என்பது இன்று பலரது எண்ணம். பழந்தமிழ் மரபை நோக்கின் அவ்வெண்ணத்துக்கு ஒரு காரணம் உண்டு. நூல் செய்தவன் அதனை அவையிலே அரங்கேற்ற வேண்டும். அவையோர் தடை எழுப்புவர். அவன் விடை இறுக்க வேண்டும். சிறப்புப்பாயிரமும் அவன் தானே செய்துகொள்ளலாகாது. அவனுடைய குரு, உடன்பயின்ற தோழன், மாணாக்கன், உரையாசிரியன் ஆகிய நால்வருள் ஒருவரே அதற்கு உரியர் என்பது நன்னூலார் துணிபு. பிறர் ஒருவர் நூலைச் சோதித்து ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும் என்பதே இதன் கருத்து. இக்காலத்திலே அந்த அவையின் இடத்திற் பதிப்பகம் அமர்ந்திருக்கின்றது.

ஆயினும் தாமே அச்சிடுதல் இழிவன்று என்பதற்கும் நம் நாடே சான்று. ஆறுமுக நாவலர் 1849 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே அச்சியந்திரசாலை நிறுவித் தம் நூல்களைத் தாமே வெளியிட்டார். கலித்தொகையை 1887 ஆம் ஆண்டு அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, பதிப்புப் பணியிலே தம் கைப்பொருளைக் கரைத்தவர். எனவே, எவர் அச்சிட்டார் என்பதைக் கொண்டு நூலின் தரத்தை அளத்தல் பொருந்தாது. வாயில் அடைத்திருக்கும்போது எழுத்தாளன் என் செய்வான் என்பதே கேள்வி.

அவ்வாறு வாயில் அடைபட்டு நின்றவர்களுள் ஒருவர் பேர்கஸ் ஹியூம். இங்கிலாந்திற் பிறந்து, நியூசிலாந்தில் வளர்ந்து, சட்டம் பயின்ற இவர், 1885 ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரை அடைந்தார். நாடக ஆசிரியராக வேண்டும் என்பது அவர் வேட்கை. நாடகக் கொட்டகையாரோ அவர் எழுதியவற்றைப் படித்துப் பார்க்கவும் உடன்பட்டாரல்லர். ஆகவே அவர் ஒரு புத்தகக் கடைக்காரரிடம் சென்று, எவ்வகை நூல் மிகுதியாக விற்பனையாகின்றது என்று வினவினார். பிரான்சு நாட்டு எமில் கபோரியோவின் துப்பறியும் நாவல்களே என்பது கிடைத்த விடை. அந்நாவல்களை வாங்கிப் படித்து, அவ்வழியிலே மெல்பேர்ண் நகரைக் களமாகக் கொண்டு ஒரு கதை எழுதினார். ஹான்ஸம் என்னும் குதிரை வண்டியிலே நிகழ்ந்த ஒரு கொலையின் மர்மம் அது.

பதிப்பாளர் எவரும் அதனை ஏற்றாரல்லர். குடியேற்ற நாட்டான் ஒருவன் படிக்கத்தக்க எதனையும் எழுதிவிட முடியாது என்பது அவர்கள் கூறிய காரணம் எனப் பின்னாளில் ஹியூமே எழுதியுள்ளார். எனவே 1886 ஆம் ஆண்டு அவர் தம் செலவிலே ஐயாயிரம் பிரதிகளை அச்சிட்டார். சில கிழமைகளுள் அவை அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. மர்மக் கதைக்கு உள்ள வலிமை இஃதே என்க. கொலை செய்தவன் யார் என்று அறியும்வரை வாசகன் உறங்கான். அறிந்தபின் அயலானை உறங்க விடான். எந்த விளம்பரமும் செய்ய இயலாததை வாசகன் வாய்ச்சொல்லே செய்துவிடும்.

அதன்பின்னர்ப் பதிப்பாளர் தாமே தேடி வந்தனர். ஹியூம் தம் நூலின் உரிமையை ஐம்பது பவுணுக்கு விற்றுவிட்டார். அந்நாவலின் பெயரையே தன் பெயராகக் கொண்டு இலண்டனில் ஒரு கம்பனி எழுந்தது. 1887 ஆம் ஆண்டு முதல் நூல் அங்கே இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. அந்தப் பெரும் விற்பனையால் ஆசிரியருக்குக் கிடைத்தது யாதொன்றும் இல்லை. 1888 ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்ற அவர், 1932 ஆம் ஆண்டு இறக்கும்வரை நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவற்றை வெளியிடப் பதிப்பகங்களுக்குக் குறைவில்லை. எனினும் முதல் நாவலுக்குக் கிடைத்த புகழ் வேறெதற்கும் வாய்த்திலது.

இதிலே ஹியூம் மட்டும் ஏமாந்தார் என்று எண்ணற்க. அதே 1887 ஆம் ஆண்டிலே சேர்லொக் ஹோம்ஸ் தோன்றிய முதற் கதை வெளிவந்தது. அதன் உரிமைக்காகக் கோனன் டொயில் பெற்ற தொகை இருபத்தைந்து பவுண். முதல் நூலை வெளியே கொணரும் ஆவலிலே உரிமையின் பெறுமதி எழுத்தாளன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நிற்க. நம் மொழியிலே இக்கதை வேறு வழியிற் சென்றது. துப்பறியும் கோவிந்தனைப் படைத்த ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908 ஆம் ஆண்டு வெளியாயிற்று. தொடர்ந்து ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரும் தமிழ் வாசகரை மர்மத்தில் ஆழ்த்தினர். பண்டிதர் உலகம் இந்நாவல்களைப் படித்துவிட்டுத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்தது. பாடநூலும் பக்திநூலும் அச்சிடுவோர் மலிந்த அக்காலத்தில், நாவலாசிரியனுக்குச் சம்பளமோ பங்கோ ஒழுங்காகக் கொடுத்து ஆதரிக்கும் பதிப்பகங்கள் அரிய. ஆகவே எழுத்தாளனே பதிப்பாளனாக வேண்டியிருந்தது.

இவருள் வடுவூராரின் வாழ்வு நம் வினாவுக்கு மிக அணுக்கமானது. 1880 ஆம் ஆண்டு பிறந்த அவர், அரசாங்க உத்தியோகத்தை விடுத்து எழுத்தையே தொழிலாகக் கொண்டார். ‘மனோரஞ்சனி’ என்ற இதழைத் தாமே நடத்தி, அதன் வழியே மாதந்தோறும் நாவல்களை வெளியிட்டார். இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை மாணவர் நோக்குதல் வேண்டும். நூலை அச்சிட்டு அடுக்கி வைத்து, வாங்குவோர் வருவரோ என்று வழிபார்த்திருப்பது ஒரு முறை. சந்தா செலுத்திய வாசகரை முன்னமே திரட்டிக்கொண்டு, அவருக்கென அச்சிடுவது மற்றொரு முறை. கதையின் மர்மம் வாசகனை அடுத்த இதழுக்கு இழுக்கும். இதழின் சந்தா அடுத்த கதையை அச்சிடும். நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’யை 1925 ஆம் ஆண்டு வாங்கி, அதிலே ‘வைதேகி’யைத் தொடங்கிய வை. மு. கோதைநாயகி அம்மாளும் இவ்வழியே சென்று வெற்றி கண்டவர்.

வடுவூராரின் ‘மேனகா’ 1935 ஆம் ஆண்டு திரைப்படமாயிற்று. அவருடைய ‘திகம்பர சாமியார்’ 1950 ஆம் ஆண்டு மொடேர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தாரால் எம். என். நம்பியாரைக் கதைநாயகராகக் கொண்டு படமாக்கப்பட்டது. எனினும் தமக்குத் தாமே பதிப்பாளராயிருந்ததன் மறுபக்கத்தையும் அவர் வாழ்விலே காணலாம். எகிப்து நாட்டையும் ஆரியரையும் தொடர்புபடுத்தி ஆங்கிலத்தில் ஒரு பெரும் ஆராய்ச்சி நூலை எழுதித் தம் செலவிலேயே வெளியிட்டார். அதனால் அவருக்குப் பெரும் பொருள் நட்டம் என்று கூறுவர். “ஐயா, இதனை அச்சிட வேண்டாம்” என்று சொல்லும் உரிமையுடைய ஒருவர் அவர் அருகில் இல்லை. அரங்கேற்றத்திலே தடை எழுப்பும் புலவனின் அருமை இவ்விடத்தில் விளங்கும்.

1942 ஆம் ஆண்டு அவர் மறைந்தபின், இதழும் இல்லை, அச்சிடுவாரும் இல்லை என்ற நிலையில் அவர் நாவல்கள் பழைய புத்தகக் கடைகளிற் பொடியத் தொடங்கின. பன்னெடுங்காலம் சென்றபின் அவற்றைத் தேடியெடுத்து மறுபதிப்புச் செய்தது மயிலாப்பூரில் 1901 ஆம் ஆண்டு தோன்றிய அல்லயன்ஸ் கம்பனி. தாமே வெளியிட்ட எழுத்தாளர், பெயர்பெற்ற பதிப்பகத்தின் வாயிலுள்ளே புகுந்தார். ஆனால் அவர் இறந்தபின் புகுந்தார்.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க. ஹியூமின் நூல் பதிப்பகத்தாற் பரவியது, ஆசிரியருக்குப் பயனில்லை. வடுவூராரின் நூல் ஆசிரியருக்குப் பயன் தந்தது. அவரோடு அதன் ஓட்டமும் நின்றது. நூலைப் பரப்பவும் பாதுகாக்கவும் வல்லது பதிப்பகம். நூலுக்கு உரியவனாயிருக்க வேண்டியவன் எழுத்தாளன். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே எழுத்தாளருக்கு நேரும் துன்பங்களுக்குக் காரணம்.

நம் நாட்டிலே இவ்வுண்மையை ஓரளவு கண்ட காலமும் ஒன்றுண்டு. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்ட எழுபதுகளிலே, வீரகேசரிப் பிரசுரம் நம் எழுத்தாளரின் நாவல்களை வெளியிட்டது. நம் தண்ணீரூற்றிற் பிறந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973 ஆம் ஆண்டு அவ்வாறு வெளிவந்ததே. வன்னிக் காட்டோரத்துக் கதை நாடெங்கும் படிக்கப்பட்டது. அது மர்ம நாவலன்று. ஆயினும் ஒரு பதிப்பகம் முன்வந்தால் எவ்வளவு தொலைவிலுள்ள எழுத்தாளனும் வாசகனை அடையலாம் என்பதற்கு அது எமக்கு அண்மையிலுள்ள சான்று.

என் அனுபவம் ஒன்றையும் இங்கே கூறுதல் தகும். இளமையில் நான் எழுதிய இலக்கணக் கட்டுரைகளை முந்நூறு பிரதிகளாக நானே அச்சிட்டேன். வெளியீட்டு விழாவன்று நூற்றுக்குச் சிறிது கூடுதலாக விற்பனையாயின. எஞ்சியவை கட்டுக்கட்டாக வீட்டறையில் இருந்தன. 2009 ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது உயிரைக் கொண்டு சென்றோமேயன்றி நூற்கட்டுகளை அன்று. திரும்பி வந்தபோது வீட்டிற்குக் கூரையும் இல்லை, அறையில் ஓர் ஏடும் இல்லை. நல்வாய்ப்பாக, விழாவிலே ஒரு பிரதி வாங்கிச் சென்ற நண்பர் ஒருவர் அதனைக் கொழும்பிலே வைத்திருந்தார். இன்று என்னிடமுள்ளது அதன் நிழற்பிரதியே. ஒரு கூரையின் கீழ் அடுக்கிய முந்நூறு பிரதிகளைக் காட்டிலும், முப்பது ஊர்களிலே பரந்த முப்பது பிரதிகள் நூலுக்கு நல்ல காவல் என்பதை அன்று உணர்ந்தேன்.

கிழமை கழிந்ததும் இளைஞர் மீண்டும் வந்தார். நான் கூறியது இதுதான். “தம்பி, பதிப்பகத்தை வெறுக்காதே. உன் கதையைப் பரப்ப அவர்களால் முடியும், உன்னால் முடியாது. ஆனால் அந்த ஓலையில் உள்ளபடி கையொப்பம் வையாதே. இந்நாட்டின் 2003 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிப்புரிமை உன் வாழ்நாள் முழுவதும், அதன்பின் எழுபது ஆண்டுகளும் நிலைக்கும். அஃது உன் பிள்ளைகளின் முதுசம். ஒரு பதிப்பை அச்சிட்டு விற்க அனுமதி கொடு. ஆண்டுகளுக்கு எல்லை வை. பிரதிகளின் தொகையைக் குறி. விற்பனையிலே பங்கு கேள். அச்சிடாது விட்டால் உரிமை உன்னிடமே திரும்பவேண்டும் என்று எழுது. மொழிபெயர்ப்பும் திரைப்படமும் வேறு வேறு உரிமைகள். அவற்றைத் தனியே வைத்துக்கொள். அவர்கள் மறுத்தால், கதையை முதலிலே தொடராக ஒரு பத்திரிகைக்கு அனுப்பு. படிப்போர் உண்டென்று அறிந்தபின், தாங்கக்கூடிய அளவு பிரதிகளை நீயே அச்சிடலாம். காப்பை ஈடுவைக்கத் தேவையிராது. எதற்கும் முன்பாக, உன்னைப் புகழாத இருவரிடம் இதனைப் படிக்கக் கொடு. அவர்களே உனக்கு அவை.”

அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். “அந்த இருவரிலை ஒருவர் நீங்களோ, ஐயா?” என்றார்.

ஆமெனக் கூறிப் பிரதியை வாங்கிக்கொண்டேன். மூன்று இரவுகளிற் படித்து முடித்தேன். கொலைகாரன் யாரென்பதை ஏழாம் அதிகாரத்திலேயே நான் கண்டுகொண்டதை அவரிடம் கூறியபோது அவர் முகம் வாடிற்று. ஆயினும் அவ்வதிகாரத்தைத் திருத்தி எழுதத் தொடங்கியிருக்கின்றார். ஒப்பந்தத்தை மாற்றித் தருமாறு பதிப்பகத்துக்கும் எழுதிவிட்டார். மறுமொழி இன்னும் வரவில்லை. காப்பு அவர் மனைவியின் கையிலேயே இருக்கின்றது.